படியிறங்காத மேசை

என் அண்ணன்கூட நான் பதினோரு மாசம் பேசல. ஒரே வீடு. அவங்க கீழ, நான் மாடியில. காரணம் ஒரு வான்கோழி. சிரிக்கிறவங்க சிரிச்சுக்கங்க, எனக்கு இன்னைக்கு நெனச்சாலும் பத்திக்கிட்டு வருது.

மொதல்ல இருந்து சொல்லிர்றேன். எனக்குப் பொறந்த ஊரு வில்லாபுரம். கட்டிக்கிட்டுப் போனது கனடாவுக்கு. இருபத்தாறு வருசம் அங்க இருந்தேன். எங்க வீட்டுக்காரரு டவுன் பஸ் ஓட்டுனாரு, நான் ஒரு ஆஸ்பத்திரியில நோயாளிகளுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கி அனுப்புற வேலை பாத்தேன். ஒரே மக. அங்கயே பொறந்து, அங்கயே படிச்சு, அங்கயே வேலைக்கும் போயிட்டா. அவருக்கு ரெண்டு முட்டியும் தேஞ்சு, பனியில நடக்கவே பயந்தாரு. அதனால ஓய்வு வாங்குன கையோட மதுரைக்கு வந்து அண்ணன் வீட்டு மேல ஒரு மாடி கட்டிக் குடிவந்தோம்.

அங்க இருந்தவரைக்கும் நாங்க அம்புட்டு மதுரைக்காரங்க. பொங்கலுக்குப் பொங்கல் ஒரு பள்ளிக்கூட ஹாலை வாடகைக்குப் பிடிச்சு, கரண்ட் அடுப்புல பானைய வச்சு, பொங்கி வழிஞ்சு பொகை கிளம்பினா அலாரம் அடிச்சு தீயணைப்பு வண்டி வந்துருமேன்னு பயந்துக்கிட்டே குலவை போட்டவங்க. இங்க வந்த பொறகுதான் நாங்க கனடாக்காரங்க ஆனோம். அதை யாராச்சும் முன்னாடியே எனக்குச் சொல்லியிருந்தா மூஞ்சிக்கு நேரா சிரிச்சிருப்பேன்.

வந்த புதுசுல சிம்மக்கல் பஸ் ஸ்டாப்புல நின்னுக்கிட்டு இருந்தோம். ஒரு வெள்ளைக்காரரு பஸ்ஸுக்கு நிக்கிறாரு. பக்கத்துல மூட்டையோட வந்த ஆளு அவரு கால நங்குன்னு மிதிச்சுட்டாரு. மிதிச்சவரு திரும்பிக்கூடப் பாக்கல. மிதி வாங்குனவரு குனிஞ்சு "சாரி, சாரி"ங்கிறாரு. எங்க வீட்டுக்காரரு என் கையப் பிடிச்சு, "ஏ, இது நம்ம ஊர் ஆளுடீ"ன்னாரு. கேட்டா ஆமா, கனடாக்காரரு! மிதிச்சாலும் சாரி, மிதி வாங்குனாலும் சாரி, அதுதான் அந்த ஊரு வழக்கம். மதுரைப் பொண்ணு ஒண்ணக் கட்டி, உசிலம்பட்டிப் பக்கம் ஆடு வளத்துக்கிட்டு இருக்காரு. தமிழ் நம்மளவிட நல்லாப் பேசுறாரு. அவரு வழியா கனடாவுல இருந்து வந்த ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா கெடச்சாங்க, நாகமலைப் பக்கம் வீடெடுத்து ஒண்டியா இருக்காங்க. அப்புறம் காலேஜ்ல பாடம் எடுக்க வந்த ஒரு சோடி. எங்கள மாதிரியே திரும்பி வந்த இன்னொரு குடும்பம். இப்படி எட்டு ஒம்பது பேரு சேந்து போனோம். போன்ல ஒரு குரூப்பு. அதுல வெண்ணெய் எங்க நல்லாருக்கும், விசா ஆபீசுல எந்தக் கவுன்டர்ல வஞ்சு விடுவாங்கன்னு எல்லாம் ஓடும்.

அந்தக் கூட்டத்துக்கு வருசத்துல ஒரே ஒரு நாள்தான் முக்கியம். கிறிஸ்மஸுக்கு ஆளுக்கொரு சர்ச்சு, ஆளுக்கொரு ஊருன்னு போயிருவாங்க. அக்டோபர் மாசம் ரெண்டாவது திங்கக்கிழமை வார தேங்க்ஸ்கிவிங்குக்கு மட்டும் ஒருத்தரும் தப்ப மாட்டாங்க. அறுவடை முடிஞ்சு நன்றி சொல்ற நாளு. நம்ம பொங்கல் கணக்காத்தான். ஒரு முழு வான்கோழிய அவன்னு சொல்ற ரொட்டி அடுப்புல வாட்டி, மேசை நடுவுல வச்சு, சுத்தி உக்காந்துக்கணும். வெட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரா, இந்த வருசம் எதுக்கு நன்றி சொல்றோம்னு வாயத் தொறந்து சொல்லணும். எல்லாரும் சொல்லி முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. பசியில வயிறு கத்தும். ஆனா அந்தப் பத்து நிமிசத்துக்காகத்தான் அம்புட்டுப் பேரும் வாரது.

இதை அமெரிக்காக்காரங்க நவம்பர்ல வச்சிருக்காங்க. எங்களுக்கு அக்டோபர். பஞ்சாங்கத்த எடுத்துப் பாருங்க, எந்த வருசமா இருந்தாலும் அந்தத் திங்கக்கிழமை புரட்டாசியிலதான் விழும். தப்பவே தப்பாது. மதுரையில பாதி வீட்டுல முட்டை ஓடு கூட நுழையாத மாசத்துல நாங்க ஒரு முழுப் பறவைய வாட்டணும்!

எங்க குடும்பத்துல குலசாமிக்குக் கெடா வெட்டுவோம், அதெல்லாம் உண்டு. ஆனா மதினிக்குப் புரட்டாசின்னா உசுரு. மாசம் பூரா ஒரு பொழுது, சனிக்கிழமை அழகர்கோயில். அண்ணனோட மகளுக்குக் கல்யாணம் ஆகி ஏழு வருசமாப் பிள்ளை இல்ல. அதுக்காக எடுத்த விரதம். எங்க மாடிக்குப் படி வெளியில கெடையாது. வீட்டுக்குள்ள நொழஞ்சு, சாமி ரூம் வாசலைத் தாண்டித்தான் மேல ஏறணும். எது மேல போனாலும் சாமி பாத்துட்டுத்தான் விடும்.

அதனால மொத மூணு வருசமும் விருந்து டீச்சரம்மா வீட்டுல. வான்கோழி திருமங்கலம் பக்கம் ஒரு தோட்டத்துக்காரருகிட்ட உசுரோட வாங்குறது. அங்க இருக்குற பறவை மாதிரி கொழுத்துக் கெடக்காது, ஓடியாடித் திரிஞ்சதுல காலெல்லாம் விறகு மாதிரி இருக்கும். எங்க யாரு வீட்டு அவன்லயும் அது நொழையாது. கோரிப்பாளையத்துல எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு பாய் பேக்கரி வச்சிருக்காரு. காலையில பன்னு எடுத்து முடிச்ச பொறகு அடுப்பு சூடா இருக்கும்ல, அதுல வச்சுக் கொடுப்பாரு. ஹலால் பண்ணித்தான் கொண்டாரணும்னு ஒரே ஒரு கண்டிசன். "ஏன் தங்கச்சி, வெறும் உப்பும் வெண்ணெயும் தடவுனா யாரு திம்பா? கொஞ்சம் இஞ்சி பூண்டாச்சும் தடவ விடுங்க"ன்னு வருசா வருசம் கெஞ்சுவாரு. மூணாவது வருசம் எங்களுக்குத் தெரியாமத் தடவியே விட்டுட்டாரு. அந்த வருசந்தான் எலும்பு கூட மிஞ்சல.

மத்ததெல்லாம் ஆளுக்கொண்ணு. டீச்சரம்மா உருளைக்கிழங்க வெண்ணெய் போட்டு மசிச்சுக் கொண்டாருவாங்க. மஞ்சப் பூசணிக்காய உள்ள வச்சுச் சுடுற 'பை'ங்கிற இனிப்பு காலேஜ் சோடி பொறுப்பு. கறிக்குத் தொட்டுக்க அங்க ஒரு செவத்தப் பழத்துல ஜாம் மாதிரி கிண்டுவாங்க. அதுக்கு நான் இங்க எங்க போறது? அழகர்மலைப் பக்கம் இருந்து வார களாக்காய வாங்கி சர்க்கரை போட்டுக் கிண்டினேன். நெறமும் அதே, புளிப்பும் அதே. மேப்பிள் மரத்துப் பாகு மட்டும் கனடாவுல இருந்து யாரு வந்தாலும் ஒரு போத்தல் கொண்டாரணும், தலைக்கு ஒரு கரண்டிதான்.

இதுலயும் எனக்குக் கடுப்பேத்த ஆளு இல்லாமலா? ரெண்டாவது வருசம் புதுசா ஒரு பொம்பள வந்திருந்தா. கனடாவுல இருந்து ஆறு மாசத்துக்கு வந்தவ. நான் கொழம்பக் கிண்டிக்கிட்டு நிக்கிறேன். என் பக்கத்துல வந்து, உங்க ஆளுங்க தட்டு எல்லாம் எடுத்து வைப்பாங்களா, நீங்க எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவீங்கன்னு கேக்குறா. என்னைச் சமையக்காரின்னு நெனச்சுப்புட்டா! சமைக்கிறது ஒண்ணும் கேவலம் இல்ல, நானே ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குனவதான். ஆனா என் மூஞ்சியப் பாத்ததும் இவ இந்த மேசைக்கு உக்கார வந்தவ இல்லன்னு முடிவு பண்ணுனா பாருங்க, அதுதான் தாங்கல. "நீ பொறக்குறதுக்கு முன்னாடியே நான் அந்த ஊருல பனி அள்ளுனவடீ"ன்னு தமிழ்லயே கேட்டுட்டேன். எங்க வீட்டுக்காரரு வந்து என் கையில இருந்த கரண்டிய வாங்கிக்கிட்டாரு.

எனக்குக் கோவம் வந்தா இப்படித்தான். எடுத்தேன் கவுத்தேன்னு பேசிருவேன், அப்புறம் கரண்டிய வாங்க ஒரு ஆளு வேணும். அவருதான் அந்த ஆளு. மெதுவாப் பேசுவாரு. இருபத்தாறு வருசம் பஸ் ஓட்டியும் ஒருத்தன் மேலயும் ஹாரன் அடிக்காத மனுசன்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்துச்சு. மாடி கட்டி முடிச்சதும் ஆசாரிய வரச் சொல்லி, தேக்குல ஒரு மேசை செய்யச் சொன்னாரு. எட்டுப் பேரு உக்காரலாம், நெருக்கி உக்காந்தா பத்து. பலகையா மேல ஏத்தி ஹால்ல வச்சே இழைச்சு, ஆணி அடிக்காம, காலெல்லாம் சொருகிப் பசை வச்சு இறுக்கி, ஒரு மாசம் வேலை. முடிஞ்ச பொறகுதான் ஆசாரி தலையச் சொறிஞ்சுக்கிட்டு, "அண்ணே, இது இனிமே படியிறங்காது. அந்தத் திருப்பத்துல திரும்பாது"ன்னாரு. எங்க வீட்டுக்காரரு சிரிச்சாரு. "எதுக்கு இறங்கணும்? ஊரு நம்மள தேடி மேல வரட்டும்."

அந்த மேசையில தேங்க்ஸ்கிவிங் வைக்கணும். இம்புட்டுத்தான் அவரு ஆசை. மொத வருசமே கேட்டாரு. "நம்ம வீட்டுல வைப்பமா?" நான் வாய எடுக்க விடல. "கீழ மதினி விரதம். அண்ணன் என்ன நெனைக்கும்? பேசாம இருங்க"ன்னு வெடுக்குன்னு சொல்லிட்டேன். ரெண்டாம் வருசம் கேட்டாரு, அதையே சொன்னேன். மூணாம் வருசம் பூசணிக்காய வாங்கி வந்து மேசையில வச்சுட்டு என் மூஞ்சியப் பாத்தாரு. கேக்கவே இல்ல. நான் பூசணிக்காய எடுத்துப் பையில போட்டுக்கிட்டு டீச்சரம்மா வீட்டுக்குக் கெளம்பிட்டேன்.

தை மாசம் போயிட்டாரு. காலையில பல்லு வெளக்கிட்டு வந்து அந்த மேசையில உக்காந்தவரு எந்திரிக்கல. நான் காப்பியக் கொண்டாந்து வைக்கிறேன், கை சூடா இருக்கு, ஆளு இல்ல.

அந்த வருசம் அக்டோபர்ல மக பத்து நாள் லீவு போட்டுட்டு வந்தா. அப்பா செத்ததுக்கு வந்து, மறுவாரமே ஓடுனவ. நான் முடிவு பண்ணிட்டேன். இந்த வருசம் விருந்து மாடியிலதான், அவரு மேசையிலதான். அவரு சேருல யாரும் உக்காரக் கூடாது. யாரு என்ன சொன்னாலும் சரி. ஒரு தடவையாச்சும் அது நடந்தே தீரணும். இல்லன்னா அந்த மேசையப் பாத்துக்கிட்டு அந்த வீட்டுல நான் எப்படி இருக்க?

அண்ணன்கிட்டக் கேக்கல. ஏன் கேக்கணும்? மாடி எங்கவரு கட்டுனது. கேட்டா வேணாம்னு சொல்லும், சொன்னா சண்டை வரும், செஞ்சு முடிச்சுட்டாச் சண்டை போட்டும் பிரயோசனம் இல்ல. இதுதான் என் கணக்கு.

திங்கக்கிழமை மத்தியானம் நானும் மகளும் கோரிப்பாளையத்துல இருந்து ஆட்டோவுல வாரோம். பெரிய அலுமினியத் தட்டுல பறவை, மேல துணி போட்டு மூடி, ரெண்டு பேரு மடியிலயும் பாதிப் பாதி. வெண்ணெய் மணம் தெரு முனையிலயே தெரிஞ்சிருக்கணும். ஆட்டோ பின்னாடியே நாலு நாய் ஓடி வருது. எங்க வீட்டு முன்னாடி நிறுத்துனா, வாசல்ல மதினி நிக்குது. ஈரத்தலையோட, கையில பூக்கூடை.

"என்னத்தா அது?"ன்னுச்சு.

"வான்கோழி"ன்னேன். ஒளிக்கிறது எனக்குப் பழக்கம் இல்ல.

மதினி மூஞ்சி செத்துப் போச்சு. "ஏத்தா, புரட்டாசியில... சாமி ரூம் முன்னாடியா கொண்டு போவ? தம்பி போயி வருசம் கூடத் திரும்பல. வருசத் திதி முடியல. அதுக்குள்ள மேல விருந்தா? ஊரு என்ன சொல்லும்?"

அங்கதான் எனக்குத் தலைக்கேறுச்சு. எனக்குப் புருசன் செத்தது தெரியாதா? இவங்க சொல்லித்தான் தெரியணுமா? துக்க வருசத்துல பண்டிகை கொண்டாடக் கூடாது, எனக்கும் தெரியும், நானும் இந்த வீட்டுலதான் பொறந்தேன். அவருக்காகத்தான் செய்யிறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. வாயில வந்தது வேற.

"நீ ஏழு வருசமா விரதம் இருந்து என்னத்தக் கண்ட?"

சொல்லிட்டேன். தெருவுல, நாலு பேருக்கு முன்னாடி. மதினி பூக்கூடைய இறுக்கமாப் பிடிச்சுக்கிட்டு உள்ள போயிருச்சு.

அண்ணன் வந்துச்சு. கதவுல ரெண்டு பக்கமும் கையக் குடுத்து நின்னுச்சு. "மேல கொண்டு போகக் கூடாது." எனக்கு அம்பத்திரண்டு வயசு, அதுக்கு அறுபது. சின்னப் பிள்ளையில பந்தைப் பிடுங்கி வச்சுக்கிட்டு நிக்கிறப்ப இருந்த அதே மூஞ்சி.

"மாடி எங்க வீட்டுக்காரரு கட்டுனது."

"படி நான் கட்டுனது. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

அதுக்குள்ள எங்க ஆளுங்க ஒவ்வொருத்தரா வந்து எறங்குறாங்க. டீச்சரம்மா உருளைக்கிழங்குச் சட்டியோட, காலேஜ் சோடி பூசணி இனிப்போட, ஆட்டுக்காரரு ரெண்டு பாட்டில் மோரோட. என்ன நடக்குதுன்னு பாதிப் பேருக்குப் புரியல, ஆனா அம்புட்டுப் பேரும் சாரி சொல்றாங்க. அண்ணன்கிட்ட சாரி, மககிட்ட சாரி, எட்டிப் பாக்குற எதுத்த வீட்டம்மாகிட்ட சாரி. டீச்சரம்மா நாய்கிட்டக் கூட சொன்னாங்க. எனக்கு வந்த ஆத்திரத்துல, "யாரும் யாருகிட்டயும் சாரி கேக்கக் கூடாது!"ன்னு கத்துனேன். அதுக்கும் ஒருத்தரு சாரின்னாரு.

"வீட்டுக்குள்ளதான கறி வரக் கூடாது? சரி, மேசையக் கீழ கொண்டாங்க. தெருவுல போட்டுத் திம்போம்"னேன்.

ஆட்டுக்காரரு, காலேஜ்காரரு, ஆட்டோ டிரைவரு மூணு பேரும் ஏறுனாங்க. அண்ணன் ஒதுங்கி விட்டுச்சு. மேல இழுக்குற சத்தம், "அங்கிட்டுத் தூக்கு, இங்கிட்டுச் சாய்"ங்கிற சத்தம், அப்புறம் மடார்னு ஒரு சத்தம். திருப்பத்துல மேசைக் காலு செவுத்துல இடிச்சு ஒரு முழத்துக்குப் பூச்சு பேந்து விழுந்துச்சு. ஆசாரி சொன்னது சொன்னபடி. திரும்பல. திரும்ப மேலயே தள்ளிட்டு வந்துட்டாங்க.

பறவை மேல போகாது, மேசை கீழ வராது. நடுத்தெருவுல நான்.

மகதான் முடிவெடுத்தா. "அம்மா, ஆறிப் போகுதும்மா. வா, பாய் கடைக்கே போயிருவோம்." திருப்பி அம்புட்டுப் பேரும் ஆட்டோவுலயும் காருலயும் கோரிப்பாளையம் போனோம். பாய் மாவு பிசையுற பெரிய மேசையத் தொடச்சு, நாளைக்குப் பன்னு மடிக்க வச்சிருந்த பழைய பேப்பரை விரிச்சு விட்டாரு. "உக்காருங்க தங்கச்சி, இங்க யாரும் கேக்க மாட்டாங்க." ஸ்டூலு பத்தல, மாவு மூட்டை மேல ரெண்டு பேரு உக்காந்தோம். ஒவ்வொருத்தரா நன்றி சொன்னாங்க. டீச்சரம்மா எங்க வீட்டுக்காரரு பேரச் சொல்லி நன்றி சொல்லி அழுதாங்க. பாய் கூட, என்னையும் சேத்துக்கங்கன்னு சொல்லி, அடுப்பு இன்னும் நல்லா எரியுறதுக்கு நன்றின்னாரு. என் முறை வந்துச்சு. நான் எந்திரிச்சுக் கை கழுவப் போயிட்டேன். இன்னும் ஒரு வாய் கூடத் திங்கல, எதுக்குக் கை கழுவுனேன்னு தெரியல.

மக ஊருக்குப் போயிட்டா. அண்ணனும் நானும் பேச்சை நிறுத்திட்டோம். சும்மா இல்ல, வீம்பா நிறுத்துனோம். படியில எதுக்க வந்தா நான் செவுத்தைப் பாப்பேன், அது தரையைப் பாக்கும். நான் பாக்குற செவுத்துல அந்தப் பேந்த பூச்சு. அதைப் பாக்கப் பாக்க எனக்குக் கோவம் புதுசா ஊறும். வருசத் திதிக்கு அண்ணன் வந்து செய்ய வேண்டியதைச் செஞ்சுட்டு, ஒரு வாய் தண்ணி குடிக்காம இறங்கிப் போச்சு. மதினிகிட்ட நான் மன்னிப்புக் கேக்கல. ராத்திரி படுத்தா அந்த வார்த்தை என் காதுலயே கேக்கும். இருந்தும் கேக்கல. அவங்க மட்டும் என் புருசன் விருந்தைத் தெருவுல நிறுத்தலையான்னு, எனக்கு நானே வக்கீலு.

இந்தப் புரட்டாசி பொறந்த மொத வாரம் அண்ணன் மேல ஏறி வந்துச்சு. கையில ஒரு மஞ்சப் பை. மேசையில வச்சுச்சு. உள்ள களாக்காய்.

"அழகர்கோயில் போனோம். வெளிய வித்தாங்க. உங்க மதினிதான் வாங்கச் சொல்லுச்சு."

நான் பையத் தொடல.

"அடுத்த மாசம் உங்க நாளு வருதுல்ல. இங்கயே வையி."

"போன வருசம் எங்க போயிருந்துச்சு இந்தப் பேச்சு?"ன்னேன். பதினோரு மாசத்துல நான் அதுகிட்டப் பேசுன மொதப் பேச்சு இதுதான். "அவரு ஆசைப்பட்டது. மூணு வருசம் உங்களுக்குப் பயந்துக்கிட்டு நான் வேணாம் வேணாம்னு சொல்லிச் சாகடிச்சேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் விட்டுக் குடுக்க முடியல உங்களால!"

அண்ணன் அவரு சேருக்குப் பக்கத்துச் சேரை இழுத்து உக்காந்துச்சு. கொஞ்ச நேரம் மேசையத் தடவிக்கிட்டே இருந்துச்சு.

"மாப்ள என்கிட்டக் கேட்டாரு."

"எப்ப?"

"நீங்க வந்த மொத வருசமே. 'மச்சான், இப்படி ஒரு நாளு இருக்கு, புரட்டாசியில வருது, என்ன செய்யலாம்'னு கேட்டாரு. நானும் உங்க மதினியும் பேசித்தான் சொன்னோம். அன்னைக்கு ஒரு நாள் சாமி ரூமைப் பூட்டிட்டு நாங்க ரெண்டு பேரும் மக வீட்டுக்குப் போயிர்றோம், நீங்க தாராளமா வையுங்க மாப்ளன்னு சொன்னோம். உங்க மதினிதான் மொதல்ல சரின்னுச்சு."

நானும் உக்காந்தேன்.

"அப்புறம் ரெண்டு நாள் கழிச்சு வந்தாரு. 'வேணாம் மச்சான், அவளுக்கு விருப்பம் இல்ல. நம்ம ஊருல வந்து அந்த ஊருப் பண்டிகைய வைக்க வெக்கப்படுறா போல. விட்டுருவோம்'னாரு. நாங்க சரின்னு சொன்னதை நானே வந்து உன்கிட்டச் சொல்றேன்னேன். 'அய்யய்யோ, அவளுக்குத் தெரியாம உங்ககிட்டக் கேட்டேன்னு தெரிஞ்சா கோவப்படுவா. விடுங்க'ன்னுட்டாரு. ஒவ்வொரு வருசமும் நான் கேப்பேன், 'என்ன மாப்ள, இந்த வருசமாச்சும்?' சிரிச்சுக்கிட்டே தலையாட்டிட்டுப் போயிருவாரு."

"அப்புறம் ஏன் போன வருசம் மறிச்ச?"

அண்ணன் என்னை நேராப் பாத்துச்சு. "அவரு கேட்டாரு. நீ கேக்கல."

அது இறங்கிப் போன பொறகு நான் அந்த மேசையக் கையால ஓங்கி அடிச்சேன். ரெண்டு தடவ அடிச்சேன். தேக்கு, அதுக்கு என்ன ஆகும், எனக்குத்தான் கை வீங்குச்சு. அண்ணன் மேல கோவப்பட இனிமே ஒண்ணும் இல்ல. மதினி மேல எப்பவுமே ஒண்ணும் இருந்திருக்கல. கோவப்படுவான்னு பயந்து மூணு வருசம் வாய மூடிக்கிட்டு இருந்த மனுசனை என்ன செய்யிறது? அவரை அப்படிப் பயப்பட வச்சவளை என்ன செய்யிறது?

மறுநாள் காலையில கீழ போனேன். மதினி பூக் கட்டிக்கிட்டு இருந்துச்சு. முன்னாடி போயி உக்காந்தேன். "மதினி, அன்னைக்கு நான் சொன்னது பெரிய தப்பு." மதினி நூலை இழுத்து முடிச்சுப் போட்டுச்சு. "ஆமா, தப்புதான். அந்த வார்த்தைய நீ சொல்லியிருக்கக் கூடாது." சமாதானமா ஒரு சொல்லு சொல்லல. சொல்லாததுதான் சரி. கொஞ்சம் பொறுத்து நான் கேட்டேன். "வார மாசம் ரெண்டாம் திங்கக்கிழமை மாடியில ஒரு விருந்து வைக்கணும். வைக்கலாமா?"

"அதுக்கென்ன, வையி. சாமி ரூம் சாவி என்கிட்ட இருக்கும். நாங்க காலையிலயே மக வீட்டுக்குக் கெளம்பிருவோம். பறவைய நல்லா மூடிக் கொண்டு போ, அம்புட்டுத்தான்"னு சொல்லிட்டுக் கட்டுன பூவுல ஒரு முழம் கிள்ளி என்கிட்ட நீட்டுச்சு. நான் தலையில வச்சுக்கிறதில்ல, அது மதினிக்கும் தெரியும். "தம்பி படத்துக்குப் போடு."

இந்த அக்டோபர்ல வச்சோம். பூட்டுன சாமி ரூமைத் தாண்டி, பேந்த பூச்சைத் தாண்டி, பறவை மேல போச்சு. பாய் இந்தத் தடவ கேக்காமலே இஞ்சி பூண்டு தடவியிருந்தாரு, அவரையும் இழுத்துக்கொண்டு வந்து உக்கார வச்சோம். மக போன்ல, மேசையில ஒரு சொம்புல சாச்சு வச்சிருந்தோம். அவரு சேரு காலியா.

ஒவ்வொருத்தரா நன்றி சொல்லிக்கிட்டு வந்தாங்க. ஒடம்புக்கு, மழைக்கு, விசா கெடச்சதுக்கு. கடைசியா என் முறை. எல்லாரும் என்னையே பாக்குறாங்க, போன வருசம் எந்திரிச்சுப் போனவ இந்த வருசம் என்ன சொல்லப் போறான்னு. நான் அந்தக் காலிச் சேரைப் பாத்தேன். நல்லதா ஒண்ணு சொல்லணும்னுதான் வாயத் தொறந்தேன்.

"சரின்னு சொல்லிட்டாங்கன்னு என்கிட்ட ஒரு தடவ சொல்லியிருக்கக் கூடாதா? நான் கோவப்பட்டா என்ன, கத்திட்டு அடங்கியிருப்பேன்ல?"

தமிழ் தெரியாதவங்க நன்றிதான் சொல்றேன்னு நெனச்சுத் தலையை ஆட்டுனாங்க. ஆட்டுக்காரரு தட்டைப் பாத்துக்கிட்டு இருந்தாரு. போன்ல மக கண்ணத் தொடச்சா. டீச்சரம்மா மெல்ல ஆமென்னு சொல்லி, கத்திய என் பக்கம் தள்ளி விட்டாங்க.

எப்பவும் அவருதான் வெட்டுவாரு, துண்டு துண்டா, பஸ் டிக்கெட் கிழிக்கிற மாதிரி ஒரே அளவா. எனக்கு அது வரல. பிச்சுப் பிச்சுத்தான் எல்லாருக்கும் வச்சேன்.